லேப்டாப்புக்கு எந்தக் கட்டற்ற இயங்குதளம்? மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன், அப்புறம் மற்றவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்கள் இந்தக் கணக்கில் வெளியே போய்விட்டன. அவற்றைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை உள்ள ஒன்றை, போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் 'எந்த லினக்ஸ்?' என்ற இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

நின்றுவிடுவதற்குக் காரணம், பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்களை வைத்து ஒப்பிடுவதுதான். இதில் பட்டன் கீழே இருக்கிறது, அதில் மேலே இருக்கிறது, இன்னொன்று மேக் மாதிரி தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் முடிவே வராது. தோற்றம் என்பது ஜினோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப் சூழல்களின் வேலை. இவற்றில் பலவற்றை எந்த டிஸ்ட்ரோவிலும் (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) போட்டுக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். சுலபமாக மாற்ற முடியாத விஷயங்கள் இரண்டு. ஒன்று, உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கும் சில்லுகள். இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிஸ்ட்ரோ எவ்வளவு அடிக்கடி தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்

மேசைக் கணினியில் லினக்ஸ் போடுவது இன்று பெரிய விஷயமே இல்லை. லேப்டாப்பில் வைஃபை, ஸ்லீப், வெப்கேம், விரல்ரேகை, பேட்டரி என்று கவனிக்க வேண்டியவை அதிகம். ஒரே பெயரில் விற்கும் மாடலுக்குள்ளேயே வெவ்வேறு வைஃபை கார்டுகள் இருக்கலாம். ஆகவே 'இந்த மாடலில் நன்றாக ஓடியது' என்று யாரோ சொன்னதை மட்டும் நம்பாமல், உங்கள் கையில் இருப்பதில் என்ன பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் இன்னும் இருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்தாலே போதும்.

வைஃபை கார்டு இன்டெல் என்றால் அநேகமாகக் கவலை இல்லை. அதன் டிரைவர், வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகிறது, தேவைப்படும் ஃபர்ம்வேரையும் (சில்லுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) முக்கியமான டிஸ்ட்ரோக்கள் எல்லாமே கூடவே தருகின்றன. ரியல்டெக் என்றால் கர்னல் எவ்வளவு புதியது என்பதைப் பொறுத்தது. பிராட்காம்தான் தொல்லை. பழைய மேக்புக்குகளிலும் வேறு சில லேப்டாப்களிலும் இருக்கும் பிராட்காம் கார்டுகளுக்குத் தனியுரிம டிரைவர் வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். கேபிள் வழியாக வரும் இணையத்தை லினக்ஸ் உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஸ்லீப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவரை உண்மையில் அதிகம் படுத்துவது இதுதான். பழைய லேப்டாப்களில் மூடியை மூடினால் எஸ்3 என்ற நிலைக்குப் போகும். ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். அண்மை ஆண்டுகளில் வந்த பல லேப்டாப்களில் இந்த எஸ்3 நிலையையே தயாரிப்பாளர்கள் எடுத்துவிட்டு, மாடர்ன் ஸ்டாண்ட்பை என்பதை மட்டும் வைத்திருக்கிறார்கள். இதில் கணினி முழுதாக அணைவதில்லை. ஒவ்வொரு சில்லும் தனித்தனியாகக் குறைந்த மின்சார நிலைக்கு இறங்க வேண்டும். ஒன்றே ஒன்று இறங்க மறுத்தாலும் பைக்குள் இருக்கும் லேப்டாப் சூடாகி, காலையில் எடுக்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் உரிய திருத்தங்கள் புதிய கர்னல்களில் வந்துகொண்டே இருக்கின்றன. லேப்டாப் புதியது என்றால் கர்னலும் புதியதாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் (நிலையை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதிலும் ஒரு தடை இருக்கிறது. கையொப்பமிட்ட மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் நிலையில் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகியவற்றின் கர்னல் பாதுகாப்புக் கருதி ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை.

என்விடியா கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப் என்றால், அந்த நிறுவனத்தின் டிரைவரைச் சுலபமாகப் போட வழி செய்திருக்கும் டிஸ்ட்ரோவைத் தேடுங்கள். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்குத் தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. சில மெல்லிய புதிய லேப்டாப்களில் இன்டெல்லின் ஐபியூ6 வகைக் கேமரா இருக்கும். அதற்கான ஆதரவு லினக்ஸில் மெதுவாகத்தான் வந்தது, ஆகவே வீடியோ அழைப்பு உங்களுக்கு முக்கியம் என்றால் சோதித்துவிட்டே முடிவெடுங்கள். விரல்ரேகை உணரிகளில் பல இன்னும் வேலை செய்வதில்லை. அதற்காக ஒரு டிஸ்ட்ரோவை விட்டு இன்னொன்றுக்குப் போவதில் பயனில்லை, எல்லாமே ஒரே லிப்எஃப்பிரின்ட் நிரலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

ஆப்பிளின் எம்1, எம்2 மேக்புக் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. 2023 டிசம்பரில் வெளிவந்த ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ்தான் அவர் முதலில் பார்க்க வேண்டியது.

எவ்வளவு அடிக்கடி மாற வேண்டும்?

டிஸ்ட்ரோ என்பது ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உங்களுக்கு அனுப்பும் ஒரு குழு. அந்தக் குழு எந்த வேகத்தில் அனுப்புகிறது என்பதே டிஸ்ட்ரோக்களுக்கு இடையே உள்ள பெரிய வித்தியாசம்.

டெபியன் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. வெளியிட்ட பிறகு மென்பொருள்களின் பதிப்பெண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. லினக்ஸ் மின்ட் அந்த எல்டிஎஸ் மேல் கட்டப்படுவது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாதம் ஆதரவு. ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் ஆகியவற்றுக்குப் பதிப்பு என்பதே கிடையாது. மென்பொருள் வெளிவர வெளிவரத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

இதில் 'புதியதுதான் நல்லது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு லேப்டாப்பை நம்பியிருப்பவருக்கு, நேற்று இருந்த இடத்தில் இன்றும் எல்லாம் இருக்கிறது என்பதே பெரிய வசதி. நேற்று வந்த சில்லு உள்ளே இருக்கும் லேப்டாப்பை வாங்கியவருக்கோ, பழைய கர்னலில் வைஃபைகூட வராமல் போகலாம். இருவருக்கும் ஒரே டிஸ்ட்ரோவைச் சொல்வது சரியாக இருக்காது.

மின்ட்டா, உபுண்டுவா?

விண்டோஸிலிருந்து முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தயங்குகிறார்கள். என் கருத்து தெளிவானது: லேப்டாப் வாங்கி ஓரிரு ஆண்டாவது ஆகிவிட்டது, பெரிய தேவைகள் இல்லை என்றால் மின்ட்.

லினக்ஸ் மின்ட்டை கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006-இல் தொடங்கினார். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. சின்னமன் டெஸ்க்டாப்பில் கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. கணினியைப் பெரிதாக விரும்பாமல், வேலைக்காக மட்டும் தொடுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அப்டேட் மேனேஜர் என்ன வந்திருக்கிறது என்று தெளிவாகக் காட்டும், தானாக எதையும் திணிக்காது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. அதில் ஒரு நகல் எடுத்துவைத்தால், ஒரு அப்டேட் கெடுத்துவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். என்விடியா டிரைவரைப் போட டிரைவர் மேனேஜரில் சில சொடுக்குகள் போதும்.

உபுண்டுவும் நல்ல அமைப்புதான். மார்க் ஷட்டில்வர்த்தின் கெனானிக்கல் நிறுவனம் 2004-இல் தொடங்கியது. பல லேப்டாப் தயாரிப்பாளர்கள் லினக்ஸுக்குச் சான்று தருவதென்றால் உபுண்டுவில்தான் முதலில் சோதிக்கிறார்கள். எந்த மென்பொருளின் லினக்ஸ் பதிப்புக்கும் வழிமுறை தேடினால் உபுண்டுவுக்கானது முதலில் கிடைக்கும். அது அநேகமாக மின்ட்டிலும் அப்படியே பொருந்தும் என்பது வேறு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு உபுண்டு ப்ரோ ஐந்து கணினிகள் வரை இலவசம், அதைச் சேர்த்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் பத்து ஆண்டு வரை நீளும்.

நான் மின்ட்டின் பக்கம் சாய்வது ஸ்னாப் என்ற ஒரு விஷயத்தால். உபுண்டு தன் ஃபயர்ஃபாக்ஸையும் வேறு பலவற்றையும் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் தருகிறது. ஸ்னாப் கருவி திறந்த மூலம்தான் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), ஆனால் அவை வந்து சேரும் கடையின் சர்வர் பக்கம் திறந்த மூலம் அல்ல, அது கெனானிக்கலின் கையில் மட்டும் இருக்கிறது. கட்டற்ற இயங்குதளம் வேண்டும் என்று தேடி வரும் ஒருவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றக் கூடாது. மின்ட் 2020-இல் வெளியிட்ட 20-ஆம் பதிப்பிலிருந்தே ஸ்னாப்பை இயல்பாக முடக்கி வைத்திருக்கிறது. வேண்டுமானால் நீங்களே திறந்துகொள்ளலாம். அதற்குப் பதிலாக ஃபிளாட்பேக் என்ற இன்னொரு தொகுப்பு வடிவம் உண்டு, அதிலும் உரியவர் வெளியிட்டதுதான் என்று சரிபார்க்கப்படாத தொகுப்புகளை மின்ட் 22 முதல் இயல்பாகக் காட்டுவதில்லை. உபுண்டுவே நாளை வேறு திசையில் போனால்? அதற்கும் டெபியன் மேல் நேரடியாகக் கட்டப்பட்ட எல்எம்டிஇ என்ற வடிவத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

மின்ட்டின் குறை எங்கே என்றால், திரையில். சின்னமன் இன்னும் முதன்மையாக, திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 மேல் ஓடுகிறது. அதன் புதிய மாற்றான வேலண்டுக்கு ஆதரவு சோதனை நிலையில் இருக்கிறது. 14 அங்குலத்தில் மிக அதிகத் தெளிவுள்ள திரை, அதோடு சாதாரண வெளி மானிட்டர் ஒன்று, இரண்டிலும் எழுத்து ஒரே அளவில் தெரிய வேண்டும் என்றால் வேலண்டில் ஓடும் ஜினோமோ பிளாஸ்மாவோதான் சுகம். டச்பேடில் மூன்று விரலால் தள்ளுவதிலும் ஜினோம் கை கொடுக்கும் அளவுக்குச் சின்னமன் மென்மையாக இல்லை. இவை உங்களுக்கு முக்கியம் என்றால் உபுண்டு அல்லது ஃபெடோரா.

இன்னொரு விஷயம்: எல்டிஎஸ் என்றால் கர்னலும் பழையதாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உபுண்டு எல்டிஎஸ்ஸின் இடைப் பதிப்புகளில் புதிய கர்னல் வரும். மின்ட் 22 தொடரும் அதையே பின்பற்றுகிறது. 2025-இல் வந்த மின்ட் 22.2 6.14 கர்னலோடு வந்தது. ஆகவே ஒரு வருடப் பழைய லேப்டாப்புக்கு மின்ட் போதாது என்று முன்கூட்டியே ஒதுக்க வேண்டாம். ஆனால் நிறுவும்போது அந்தத் தொடரின் கடைசி இடைப் பதிப்பை இறக்குங்கள், பழைய டவுன்லோடு கோப்பைத் தேடி எடுக்க வேண்டாம்.

ஃபெடோரா

லேப்டாப் புத்தம் புதியது என்றால் நான் சொல்வது ஃபெடோராவைத்தான். ரெட் ஹேட் ஆதரவில் 2003-இல் தொடங்கிய திட்டம். ஒரு பதிப்பின் ஆயுளுக்குள்ளேயே கர்னலைப் புதுப்பித்துக்கொண்டே போகும். ஆகவே ஸ்லீப், கேமரா, ஒலி தொடர்பான திருத்தங்கள் உங்களுக்குச் சீக்கிரம் வந்து சேரும். ஜினோமை அதன் ஆசிரியர்கள் நினைத்தபடியே, பெரிய மாற்றம் செய்யாமல் தருகிறது. பிளாஸ்மா விரும்பிகளுக்கு 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42 முதல் கேடிஇ வடிவமும் சம அந்தஸ்து பெற்றிருக்கிறது. பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தி அதன் ஆயுளைக் காக்கும் அமைப்பு ஜினோம் 48-இலும் பிளாஸ்மாவிலும் திரையிலேயே இருக்கிறது, லேப்டாப்பின் வன்பொருள் அதை ஆதரிக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை மாறினால் போதும். மென்பொருள் கடையில் ஒரு பட்டனை அழுத்தினால் மறுதொடக்கத்தில் மாற்றம் முடிந்துவிடும். இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை என்பது மின்ட்டின் வேகத்தைவிட அதிகம்தான். ஒரே அமைப்பை ஐந்து ஆண்டு தொடாமல் வைத்திருக்க விரும்புபவர் இதை எடுக்க வேண்டாம்.

ஃபெடோரா போட்டவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. காப்புரிமைச் சிக்கல் உள்ள வீடியோ கோடெக்குகளை (வீடியோவைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் மென்பொருள்கள்) ஃபெடோரா தன்னோடு தருவதில்லை. 2022-இல் வந்த ஃபெடோரா 37 முதல், ஏஎம்டி கிராஃபிக்ஸில் எச்.264, எச்.265 வீடியோக்களை வன்பொருளே பிரித்துக் காட்டும் வசதியும் இயல்பாக எடுக்கப்பட்டுவிட்டது. அப்போது என்ன ஆகும்? அந்த வகை வீடியோக்களில் சில ஓடாமல் போகலாம், ஓடுபவற்றிலும் அந்த வேலை முழுதும் செயலியின் தலையில் விழும், விசிறி சுழலும், பேட்டரி வேகமாக இறங்கும். 'ஃபெடோராவில் பேட்டரி நிற்கவில்லை' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, அதிலிருந்து கோடெக்குகளையும் கிராஃபிக்ஸ் தொகுப்பையும் மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். நிறுவிய முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலை. இந்த ஒரு வேலையைத் தானாகச் செய்துகொள்ள முடியாதவருக்கு ஃபெடோராவைப் போட்டுக் கொடுப்பவர், இதையும் சேர்த்துச் செய்துகொடுத்துவிட்டுப் போவதுதான் நியாயம்.

டெபியன்

டெபியன் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, தன்னார்வலர்கள் தங்களுக்குள் வாக்களித்து நடத்தும் திட்டம். உபுண்டுவும் அதன் வழியாக மின்ட்டும் இதிலிருந்து வந்தவை. லேப்டாப்பில் டெபியன் போடுவது ஒரு காலத்தில் சிரமமாக இருந்தது. வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரைத் தனியே தேடிப் போட வேண்டும். 2022-இல் திட்டத்தின் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் கோப்பிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு டெபியனைச் சாதாரண லேப்டாப்புக்கும் தயங்காமல் சொல்ல முடிகிறது.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 6.12 கர்னலோடு வந்தது. தன் ஆயுள் முழுதும் அந்த வரிசையிலேயே நிற்கும். கர்னல் மட்டும் புதியதாக வேண்டும் என்றால் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது தானாக நடப்பதில்லை. மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு.

மூன்று நான்கு வருடப் பழைய லேப்டாப், எல்லாம் ஏற்கெனவே சரியாக ஓடுகிறது, இனிமேல் எதுவும் மாற வேண்டாம் என்ற நிலையில் இருப்பவருக்கு டெபியன் அருமையாகப் பொருந்தும். மின்ட் செய்துவைத்திருக்கும் சின்னச் சின்ன வசதிகள் இதில் இருக்காது. டைம்ஷிஃப்ட்டை நீங்களே போட வேண்டும், என்விடியா டிரைவருக்குக் களஞ்சியப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு டெபியனைப் போல நிம்மதி தருவது வேறில்லை.

தொடர்ந்து மாறுபவை

ஆர்ச் லினக்ஸைக் கற்றுக்கொள்வதற்காகப் போடுங்கள். வேலை நாளுக்கு முந்தைய இரவில் போடாதீர்கள். அப்டேட் செய்யுமுன் அதன் தளத்தில் வரும் அறிவிப்புகளைப் படிக்க வேண்டும், அரைகுறையாகச் சில தொகுப்புகளை மட்டும் புதுப்பிக்கக் கூடாது, செக்யூர் பூட்டை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு நேரம் ஒதுக்குபவருக்கு ஆர்ச் கணினியைப் பற்றி நிறையக் கற்றுத் தரும். அதன் விக்கி எந்த டிஸ்ட்ரோ போட்டவருக்கும் உதவும். உங்கள் லேப்டாப் மாடலுக்கு அங்கே தனிப் பக்கமே இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

தொடர்ந்து புதியதும் வேண்டும், பயமும் கூடாது என்பவருக்கு ஓப்பன்சூசே டம்பிள்வீட்டைச் சொல்வேன். ஒவ்வொரு வெளியீட்டையும் ஓப்பன்கியூஏ என்ற தானியங்கி அமைப்பு நிறுவிப் பார்த்து, மெனுக்களைச் சொடுக்கிப் பார்த்து, சரியாக இருந்தால்தான் விடும். அதையும் மீறி ஏதாவது உடைந்தால், பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையும் ஸ்னாப்பர் என்ற கருவியும் சேர்ந்து அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் நிலையைப் பதிந்து வைத்திருக்கும். கணினி தொடங்கும் மெனுவிலேயே நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். இவ்வளவும் நிறுவியவுடனே, நீங்கள் எதையும் அமைக்காமலே கிடைக்கிறது. ஃபெடோராவும் 2020 முதல் அதே கோப்பு முறையைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் இந்தப் பின்வாங்கும் ஏற்பாட்டை அதில் நாமே செய்துகொள்ள வேண்டும். டம்பிள்வீட்டுக்கு இன்னும் அதிகப் பயனர்கள் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

லினக்ஸ் அல்லாதவை

திறந்த மூல இயங்குதளம் என்றால் லினக்ஸ் மட்டும்தான் என்றில்லை. 1993-இல் முதல் பதிப்பு கண்ட ஃப்ரீபிஎஸ்டி, கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையால் வளர்வதால் ஒழுங்கானது, அதன் கையேடும் தெளிவானது. ஆனால் லேப்டாப்பில் அது பின்தங்கியே இருந்தது. இன்டெல் வைஃபை கார்டுகளில் பழைய, மெதுவான தரத்துக்கு மேல் வேகம் கிடைக்காமல் இருந்த நிலை 2025-இல் வந்த 14.3 பதிப்பில்தான் முன்னேறியது. மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டும் உள்ள புதிய லேப்டாப்களில் ஸ்லீப்பை நம்பி இதைப் போட வேண்டாம். ஓப்பன்பிஎஸ்டி பாதுகாப்பில் காட்டும் கண்டிப்பு மதிக்கத்தக்கது; பழைய திங்க்பேடுகளில் நன்றாகவே ஓடும். புளூடூத் மட்டும் அறவே கிடையாது, அந்தப் பகுதியை 2014-இல் நீக்கிவிட்டார்கள். புளூடூத் ஹெட்போன் பயன்படுத்துபவருக்கு இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. ஹைக்கூ என்ற இயங்குதளம் மிக வேகமானது, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் 2024 செப்டம்பரில்கூட அது ஐந்தாவது பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்)தான் இருந்தது. பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம், முதன்மை லேப்டாப்பில் வேண்டாம்.

ரேம் குறைந்த லேப்டாப்

4 ஜிபி ரேம் உள்ளவர்கள் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ எடுக்கலாம். டெஸ்க்டாப் இலகுவாக இருந்தாலும், உலாவியில் திறந்து வைக்கும் பக்கங்கள்தான் ரேமைத் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள். பணம் செலவழிக்க முடிந்தால் டிஸ்ட்ரோ மாற்றுவதைவிட, பழைய சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுவது அதிகப் பலன் தரும். 32-பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய லேப்டாப்களுக்குக் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. உபுண்டுவும் ஃபெடோராவும் எப்போதோ விட்டுவிட்டன, டெபியனும் 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டது.

தமிழில் எழுத

தமிழ் எழுத்துரு பற்றிக் கவலைப்பட வேண்டாம், நோட்டோவோ லோகித்தோ அநேகமாக எல்லாவற்றிலும் வந்துவிடுகிறது. தட்டச்சுதான் பார்க்க வேண்டியது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சுப்பொறி முறை எல்லாம் கிடைக்கும். ஜினோமில் ஐபஸ் உள்ளேயே இணைந்திருப்பதால் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் வேலை முடிந்தது. மின்ட்டில் உள்ளீட்டு முறைக்கென்று தனிக் கருவி இருக்கிறது. பிளாஸ்மாவில் வேலண்ட் ஓடும்போது எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற இன்னொரு உள்ளீட்டுக் கருவியைப் போட்டு, மெய்நிகர் விசைப்பலகை அமைப்பில் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஸ்னாப், ஃபிளாட்பேக் வடிவில் வரும் சில மென்பொருள்களில் தமிழ் விசை வராமல் போவதுண்டு. அப்போது அதே மென்பொருளை டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தினமும் தமிழில் எழுதுபவருக்கு ஜினோம்தான் குறைந்த தொல்லை என்று சொல்வேன்.

நிறுவுவதற்கு முன்

நீங்கள் நம்பியிருக்கும் மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள். அடோபியின் ஃபோட்டோஷாப்பும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் முழு டெஸ்க்டாப் வடிவமும் எந்த டிஸ்ட்ரோவுக்கும் கிடையாது. லிப்ரே ஆபீஸ், கிம்ப், கிரிட்டா ஆகியவற்றில் உங்கள் வேலை நடக்குமா என்று இப்போதே, விண்டோஸிலேயே போட்டுப் பார்க்கலாம். மூன்றுமே அங்கும் ஓடும். விளையாட்டுகளுக்கு வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் நிறைய வழி திறந்திருக்கிறது, ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணைய விளையாட்டுகள் ஓடுவதில்லை.

தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டை வென்டாய் என்ற கருவி மூலம் ஒரே பென் டிரைவில் போட்டு, வட்டில் எதையும் எழுதாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, மைக், கேமரா, திரை வெளிச்ச விசைகள், புளூடூத், வெளி மானிட்டர் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மூடியை மூடித் திறந்து எழுகிறதா என்றும் பாருங்கள். சமமாகத் தெரியும் இரண்டு டிஸ்ட்ரோக்களில் ஒன்று உங்கள் லேப்டாப்பில் கேமராவைக் காட்டி, மற்றொன்று காட்டாமல் போகலாம். தேர்வு அங்கேயே முடிந்துவிடும். நிறுவும் மென்பொருள் உங்கள் எஸ்எஸ்டியையே காட்டவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) சேமிப்பக அமைப்பு இன்டெல் ஆர்எஸ்டி என்றிருக்கலாம், அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள் இந்த மாற்றத்துக்கு முன் விண்டோஸை அதற்குத் தயார்ப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அது தொடங்காமல் போகலாம். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் முன்பே வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கும், அப்போது தேடினால் கிடைக்காது.

கடைசியாக, நிறுவும்போது வட்டை மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யவா என்று ஒரு கேள்வி வரும். லேப்டாப் வெளியே போய் வரும் பொருள், தொலையலாம், திருடுபோகலாம். ஆம் என்று சொல்லுங்கள். நிறுவிய பிறகு அதைச் சேர்ப்பது கடினம். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் கோப்புகளை மீட்டுத் தர முடியாது. டைம்ஷிஃப்ட்டும் ஸ்னாப்பரும் இயங்குதளத்தை மட்டும் காப்பவை, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் இயல்பாகத் தொடுவதில்லை. அவற்றுக்கு வெளி வட்டில் தனியாக ஒரு நகல் எடுத்துவிட்டு நிறுவலைத் தொடங்குங்கள்.